வினாத்தாளில் இல்லாத மலை

2012இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா என்ற கேள்விக்கு அதில் நூற்றுக்கு 26 பேர் தவறாகப் பதில் சொன்னார்கள். 2016இல் அன்னன்பெர்க் பொதுக் கொள்கை மையம் கேட்டபோது, தங்கள் அரசின் மூன்று கிளைகள் எவையென்று முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். சந்திரனுக்கு ஆளனுப்பிய நாட்டில் இப்படியா என்று தமிழ்ப் பத்திரிகைகள் இத்தகைய செய்திகளை விரும்பிப் போடும். ஹட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் யாராவது அதை வாய்விட்டுப் படிப்பார்கள், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பில் நான் சேர்வதில்லை. பூமி, சூரியன் பற்றிய அதே கேள்விக்குச் சரியான விடை சொன்ன ஐரோப்பியர் 2005இல் நூற்றுக்கு 66 பேர். 2004இல் இந்தியர் 70 பேர். அமெரிக்கரில் 74 பேர் சரியாகச் சொல்லியிருந்தார்கள். இந்த ஒப்பீடும் அதே அறிக்கையில்தான் இருந்தது. செய்தியின் பாதிதான் மலையேறி எங்களிடம் வந்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாடு தன் மக்களுக்கு என்ன தெரியாது என்று தானே கேட்டு, தானே அளந்து, ஊரறிய அச்சிடுகிறது. அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டுக்கு அப்படியொரு கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னால் நான் எழுதக்கூடிய கேள்விகள் சில உண்டு. இன்று காலை நீங்கள் குடித்த தேநீரின் கொழுந்தைப் பறித்தவர்களின் வாக்குரிமை எந்த ஆண்டு பறிக்கப்பட்டது? அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் தமிழர் யார்? அவர்களில் எத்தனை பேரைக் கடல் கடந்து அனுப்புவதென்று எந்த இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள்? தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் கடிதம் போட்டால் அது யார் கைக்குப் போய்ச் சேரும்? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நன்றாகப் படித்தவர்கள் முன் இந்தத் தாளை வைத்தால் நூற்றுக்கு 26 பேர் தேறுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

இலங்கைப் பாடசாலைப் பிள்ளை எல்லாருக்கும் மனப்பாடமான விடை ஒன்று உண்டு. தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கியவர் ஜேம்ஸ் டெய்லர், ஆண்டு 1867, இடம் லூல்கந்துர தோட்டம், பரப்பு 19 ஏக்கர். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் சொல்லும். அரசாங்க வேலைக்காகப் ‘பொது அறிவு, நுண்ணறிவு’ வழிகாட்டி வாங்கி வைத்திருக்கும் அண்ணனும் சொல்வான். விடை சரியானது. டெய்லர் கடின உழைப்பாளி. தன் பங்களா விறாந்தையிலேயே இலையைச் சுருட்டிப் பார்த்தவர். அவருடைய இடத்தைக் குறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் 19 ஏக்கர் காட்டை ஒரு மனிதன் வெட்டிச் சாய்த்திருக்க முடியாது. வெட்டியவர்கள், குழி போட்டவர்கள், கன்று நட்டவர்கள், கான் வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் எந்த வழிகாட்டியிலும் இல்லை. அந்த லூல்கந்துர இருக்கும் ஹேவாஹெட்டப் பகுதியிலேயே முல்லோயா என்றொரு தோட்டம். அங்கே 1940 ஜனவரி 10ஆம் திகதி, கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்தவர் கோவிந்தன். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று எங்களில் மூத்தவர்கள் அவரைச் சொல்வார்கள். டெய்லரின் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. கோவிந்தனின் பெயர் இன்னும் சங்கத்து மேடையை விட்டு இறங்கவில்லை.

எங்கள் பிள்ளைகளின் முகவரியையே பாருங்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் கிளாஸ்கோ தோட்டம் இருக்கிறது, பல்மோரல் இருக்கிறது, வேவர்லி இருக்கிறது. தலவாக்கலையில் ஹோலிரூட். நானுஓயாவை ஒட்டி எபோட்ஸ்ஃபோர்ட். பூண்டுலோயாவில் டன்சினன். பல்மோரல் ஸ்கொட்லாந்தில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் மாளிகை. ஹோலிரூட் எடின்பரோ நகரத்து அரண்மனை. வேவர்லி வால்டர் ஸ்கொட் எழுதிய நாவல். எபோட்ஸ்ஃபோர்ட் அவர் கட்டி வாழ்ந்த வீடு. டன்சினன், ஷேக்ஸ்பியரின் மக்பெத் தன் கடைசிப் போருக்குக் காத்திருந்த குன்று. ஐந்து தலைமுறையாக இந்தப் பெயர்கள் எங்கள் வாயில் புழங்குகின்றன. பரீட்சை விண்ணப்பத்தில் எழுதுகிறோம், மரண அறிவித்தலில் போடுகிறோம். அவை எங்கிருந்து வந்தன என்று வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்கிச் சொல்லிய ஆசிரியர்கள் மிகக் குறைவு. டன்சினன் பிள்ளைக்கு மக்பெத்தைச் சொல்லிக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான வாசல் எது? துரைமார் தங்கள் ஊர் ஏக்கத்தை மலைக்குப் பெயராக வைத்துவிட்டுப் போனார்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கும் ஊர் ஏக்கம் இருந்தது. அந்த ஊர்ப் பெயர் எதையும் ஒரு தோட்டத்துப் பெயர்ப்பலகையில் நான் கண்டதில்லை. கிழவிகள் இறக்கும்வரை அதை மனதில் வைத்திருந்து, பேரப்பிள்ளைக்குச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நகரத்துக் கடைக்காரர் முதல் ஆஸ்பத்திரிக் கிளார்க் வரை சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொன்னவர்களில் பலர் கெட்டவர்களும் இல்லை. கண்முன் நிற்பவருக்குப் படிவம் நிரப்பத் தெரியவில்லை, சிங்களத்தில் கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லை; அவர்கள் கண்டது அவ்வளவுதான். அந்தத் தெரியாமை எப்படி உண்டானது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் செய்தவர்களும் உண்டு.

கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டம் என்பது மூடிய இடம். 1820களில் தொடங்கிய கோப்பியை 1869இல் கண்ட இலைத்துரு நோய் அழித்தது, அதன்பின் தேயிலை. பயிர் மாறியதே தவிர, உள்ளே இருந்த ஒழுங்கு மாறவில்லை. அதிகாலையில் தப்பு அடித்தால் பிரட்டு. பிரட்டில் பெயர் கூப்பிட்டால் மலை. மலை முடிந்தால் லயம். வெளியார் அனுமதியின்றிக் காலடி வைத்தால் அத்துமீறல் என்று வழக்கு. செய்தி உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இருந்த ஒரே வாசல் கங்காணி. அவருக்கு மேல் கணக்கப்பிள்ளை. அவருக்கு மேல் துரை. ஆட்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. கடன் துண்டில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் கடன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பு துரைமாருடையது என்று 1907இலும் 1920இலும் சட்டங்கள் சொல்லின. கிடைத்ததோ பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குப் படிப்பு. சில இடங்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவும் பாடசாலையும் ஒரே கொட்டகை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியை இந்த நாடு இன்றும் பெருமையோடு நினைக்கிறது, நினைக்க வேண்டியதுதான். தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றப் பிள்ளைகளுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இடையே ஒரு முழுத் தலைமுறை இடைவெளி அங்கே விழுந்தது.

அந்த மூடிய வாசலைத் தட்டியவர்களில் கோ. நடேசய்யருக்கு நிகராக நான் யாரையும் சொல்லமாட்டேன். தஞ்சாவூர்க்காரர். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து, துணி விற்பவரைப்போல் தோட்டங்களுக்குள் போய் ஆட்களின் நிலைமையைப் பார்த்து வந்தவர். 1920களில் ‘தேசநேசன்’, பிறகு ‘தேசபக்தன்’ என்று பத்திரிகை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சம்மேளனத்தை உண்டாக்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை, சட்டத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடியவர். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் அறிவை எப்படிக் கொண்டுபோவது என்பதை அந்த இரண்டு பேரும் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பத்திரிகை ஒன்று வந்தால் போதும். லயத்து முற்றத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பார்கள். பாட்டென்றால் அதுகூட வேண்டாம். தானே கால்தூக்கி நடந்துவிடும். நடேசய்யர் 1947இல் மறைந்தார். அவருடைய வாழ்க்கையைத் தேடித் தொகுத்து நூலாக்கிய சாரல்நாடன் இல்லாவிட்டால், இந்தப் பெயரும் எங்களில் பலருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அவர் மறைந்த மறு ஆண்டு வந்ததுதான் எல்லாவற்றிலும் கொடிய பரீட்சை.

1931இல் இந்த நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அதற்கு முன் படிப்பும் சொத்தும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் வாக்கு. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. பிரித்தானியர் போன சில மாதங்களிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஒவ்வொரு மனிதனிடமும் ஒரு கேள்வி கேட்டது. நீ இங்கே பிறந்தவன் என்கிறாய். சரி, உன் தகப்பன் இங்கே பிறந்தானா? அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும்.

காகிதம் யாரிடம் இருந்தது? பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்தில், மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோதே வலி கண்டு லயத்துக் காம்பராவில் பிள்ளை பெற்றவளிடம் என்ன காகிதம் இருக்கும்? வந்த நாள், பெயர் பதிந்த நாள், சம்பளம், இறப்பு எல்லாம் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டிலும் தோட்டத்து ஆபீஸ் அலுமாரியிலும் கிடந்தன. எங்கள் அப்பாயி சொன்னது இது: “நாங்க என்னா சீட்டு வச்சிருந்தோம் தம்பி? இருந்த சீட்டெல்லாம் தொர ஆபீசுலதான் இருந்துச்சு.” இலங்கைக்கு வருமுன் இவர்களைத் தமிழகக் கரையில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, உடம்பைச் சோதித்து, முத்திரை குத்தி அனுப்பியவர்கள் இலங்கை அரசாங்கத்தின் ஆட்கள். இவர்கள் யாரென்று மிக நன்றாகத் தெரிந்த அரசு, நீ யார் என்று இவர்களிடம் ஆதாரம் கேட்டது.

1949இல் மூன்றாம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. அதற்கு இடைவிடாமல் இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. மணமானவர்களுக்கு ஏழு ஆண்டு, மற்றவர்களுக்குப் பத்து ஆண்டு. ஊருக்கு ஒருமுறை போய் வந்தவரெல்லாம் அந்த ‘இடைவிடாமல்’ என்பதில் சிக்கினார்கள். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். 1952 தேர்தலுக்கு முன் தொண்டமானும் வேலுப்பிள்ளையும் மற்றவர்களும் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பெயர்கள் திரும்ப ஏறவில்லை. 1947இல் ஏழு பேரை அனுப்பிய மக்கள் அந்தத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

அமெரிக்காவை இங்கேதான் நான் மறுபடி நினைக்கிறேன். அந்த நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதியப் போனால் எழுத்தறிவுப் பரீட்சை வைத்தார்கள். மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ விளக்கம் சொல்லவோ வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்ப்பவர் பதிவாளர். எழுத்தைக் கற்பிப்பதே குற்றமாயிருந்த அடிமைக் காலம் முடிந்து முழுதாக முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. முதலில் கற்க விடவில்லை. பிறகு கற்கவில்லை என்று வாக்கை மறுத்தார்கள். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்தான் அந்தப் பரீட்சைகளுக்கு முடிவு கட்டத் தொடங்கியது. அலபாமாவில் நடந்ததும் அக்கரப்பத்தனையில் நடந்ததும் அச்சில் ஒன்றல்ல. ஆனால் விடையைத் தன் அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் அதிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு சமூகத்துக்கு அடிப்படை அறிவு இல்லை என்று யார் சொன்னாலும், அந்த அலுமாரியின் சாவி யாரிடம் இருந்தது என்றே நான் முதலில் கேட்பேன்.

தமிழர்களாகிய நம்மிடமே இருக்கும் தெரியாமையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. வாக்குரிமை பறிபோன காலத்தில் வடக்கின் தலைமை இரண்டாகப் பிரிந்தது. அரசோடு நின்ற ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசிலிருந்து, பிரஜாவுரிமைப் பிரச்சினையை முன்வைத்து வெளியேறியவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு எங்கள் மக்களின் கண்ணீரும் ஒரு காரணம். வடக்கில் அந்தக் கட்சியின் வரலாறு தெரிந்த பலருக்கு இந்தத் தொடக்கம் தெரியாது.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் வருத்தம் தருவது. புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘துன்பக்கேணி’ எழுதிவிட்டார். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் கதை அது. நூறு ஆண்டை நெருங்கும் இந்த நேரத்தில், சென்னையில் ஒரு மலையகத்து இளைஞன் இறங்கினால் கேட்கப்படும் முதல் கேள்வி, “சிலோனா? யாழ்ப்பாணம் பக்கமா?” என்பதுதான். ஹட்டன் என்றால் முகம் வெறுமையாகிறது. கொழும்பில் அவனைப் பார்த்து, “நீங்க எப்ப இந்தியாவிலிருந்து வந்தீங்க?” என்று கேட்கிறார்கள். இரண்டு கரையிலும் அவன் இருநூறு ஆண்டை விளக்க வேண்டியிருக்கிறது. 2013இல் ‘பரதேசி’ படம் பார்த்துத் தமிழ்நாடு அழுதது. அது வால்பாறை மலையின் கதை. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய பி. எச். டேனியலின் நாவலைத் தழுவியது. அழுதவர்களில் எத்தனை பேருக்கு, கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் இன்றும் ‘சிலோன்காரர்’ என்று அழைக்கப்படுபவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்?

அவர்களை அங்கே கொண்டுபோனது 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு; மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் எங்கே போக விரும்புகிறார் என்று அந்த மக்களிடம் யாரும் முதலில் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இங்கே தங்கியவர்களில் கடைசி நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய பெயர்வுகளில் ஒன்று இது. தமிழ்நாட்டில் பள்ளி முடித்த எத்தனை பேர் இந்த ஒப்பந்தத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இதெல்லாம் பழைய கதை என்று சொல்பவர்களுக்காக இரண்டு செய்திகள் மட்டும். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடக்கூடச் சபைப் பணத்தைத் தாராளமாகச் செலவிட முடியாதபடி அது தடுத்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை அது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். அதுவரை, பாதை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டவர்களில் பலருக்கு, தடை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதே தெரியாது. மற்றது கடிதம். பெரும்பாலான லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. நேர்முகப் பரீட்சைக் கடிதமும், பல்கலைக்கழகக் கடிதமும், வங்கிக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கை மாறி, சில வேளை திகதி முடிந்த பிறகு வந்து சேரும். செய்தி பிந்தி வந்ததால் வாய்ப்பை இழந்த பிள்ளையைப் பார்த்தும், “இவங்களுக்கு எதுவும் தெரியாது” என்றுதான் சொல்வார்கள்.

தோட்டத்து மக்களிடம் வேறு வகை அறிவு இருக்கிறது, அதுவே பெரிது என்று சில நல்லவர்கள் எழுதுகிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு எந்தத் தளிர் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும், எது முற்றி முடங்கிவிட்டது என்று விரல் நுனியில் தெரியும். நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள், இன்று முழுநாட் சம்பளமான முழுப்பேரா, பாதியான அரைப்பேரா என்று மனக்கணக்கில் சொல்வாள். காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் எழுத்தில்லாமலே பல தலைமுறை காத்த மக்கள் இவர்கள். ஆனால் இதைப் பாராட்டிவிட்டு அத்தோடு நிறுத்துபவர்களை நான் நம்புவதில்லை. கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரிவது ஓர் அறிவு. அதைச் சொல்லி, உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையை மன்னிக்க முடியாது. நுவரெலியா மாவட்டத்தில் அந்தப் பிரிவு முறையாக நடக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில. எங்கள் பிள்ளைக்குச் சூரியனும் பூமியும் தெரிய வேண்டும். மூன்று அரசுக் கிளைகளும் தெரிய வேண்டும். மிசிசிப்பியும் தெரிய வேண்டும். தன்னுடைய கதையும் தெரிய வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள்ளும் பேரத்துக்கு நாங்கள் இணங்கக் கூடாது.

2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்து வந்த, நோயிலும் பசியிலும் விழுந்த அதே வழி. நடந்தவர்களில் தமிழர் மட்டுமா, சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். வழியில் இருந்த ஊர்களில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து வரவேற்றார்கள். இந்தப் பாதையின் கதையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர்கள் பலர். தெரியாதவர்கள் கேட்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதை அந்த நடை எனக்குக் காட்டியது. சொல்வதற்கான ஏற்பாட்டைத்தான் நாம் செய்யவில்லை. பாடத்திட்டத்தில் 1948, 1949, 1964, 2003 ஆகிய நான்கு ஆண்டுகளும் மூன்று மொழிப் பிள்ளைகளுக்கும் பாடமாக வேண்டும். கல்வி அமைச்சிடம் இதைக் கேட்க ஆசிரியர் சங்கங்களுக்கும், பத்தனை ஸ்ரீபாத கல்லூரியில் பயின்று வெளியேறிய நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கும் முழு உரிமை உண்டு.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. 1948இல் பத்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்குகிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒருவர் இருவர் இன்னும் இருக்கிறார்கள். இந்த இதழைப் படிக்கும் மலையகத்து ஆசிரியர்களே, உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்தக் கங்காணியோடு வந்தது, மண்டபத்தில் எத்தனை நாள் இருந்தார்கள், விண்ணப்பத்தை யார் எழுதிக் கொடுத்தது, அது ஏன் திரும்பி வந்தது, ஒப்பாரிக் கோச்சியில் யார் யாரை ஏற்றிவிட்டார்கள் என்று கேளுங்கள். தொலைபேசியில் குரலைப் பதியுங்கள். தோட்டம், டிவிஷன், லயம், நாள் எல்லாம் போட்டு எழுதி, ஒரு பிரதியை உங்கள் பாடசாலை நூலகத்தில் வையுங்கள்.